பஞ்சு நாயின் சாவுச் செய்தி

டெக்சாஸில் நான் முதலில் தோற்றது ஒரு பொம்மை நாயிடம். பஞ்சடைத்த லாப்ரடார். காதில் தொங்கிய விலைச்சீட்டைக்கூட யாரும் அறுக்கவில்லை.

கால்நடை மருத்துவம் கடைசி வருடம் படிக்கும்போது சில வாரப் பயிற்சிக்காக எங்கள் கல்லூரி என்னை இங்கே அனுப்பியது. மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பதில் என்னை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே ஒரு விசித்திரமான தேர்வு வைத்தார்கள். நாய் செத்துவிட்டது என்று அதை வளர்த்தவரிடம் சொல்ல வேண்டும். வளர்த்தவராக வந்து அழுவதற்கு ஒரு நாடக நடிகையைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். கண்டிப்பான விதி ஒன்று: சுற்றி வளைக்காமல், வந்தவுடனே 'இறந்துவிட்டது' என்று சொல்லிவிட வேண்டும். சொன்னபின் வாயை மூடிக்கொண்டு டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைக்க வேண்டும். இதில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. வெறுங்கையோடு ஊர் திரும்பினால் எங்கள் டீன் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

எங்கள் நாமக்கல் பக்கம் சாவை யார் அப்படிச் சொல்கிறார்கள்? 'கொஞ்சம் சீரியஸா இருக்காரு, கெளம்பி வாங்க' என்போம். கேட்கிறவரும் புரிந்துகொண்டு மாற்றுத்துணியோடு பஸ் ஏறுவார். நடிகை கண்கலங்கி உள்ளே வந்ததும் என் நாக்கு பழக்கதோஷத்தில் அதையே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டது. நிலைமை கொஞ்சம் மோசம் என்றேன். காதில் விழுவதற்கு ஏற்ப நடிக்க வேண்டும் என்பது அந்த அம்மாளுக்கு உத்தரவு. முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியானால் உயிரோடு இருக்கிறானா? பார்க்கலாமா?"

"வாருங்கள்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் பஞ்சு நாயைத் தடவிக்கொடுக்க, நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்து இதயத்துடிப்பு கேட்பதுபோல் குனிந்தேன். எப்போது வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று கேட்டார். சாயங்காலம் என்றேன். மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த பேராசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பு, அதுவே கடைசி.

சனிக்கிழமை, டெக்சாஸிலேயே பிளானோ நகரத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனேன். அம்மாவின் தங்கை. கதையைக் கேட்டதும், "இதுக்கா மூஞ்ச தூக்கி வச்சிருக்க? நான்தான் ஓனர். வா, பிராக்டிஸ் பண்ணலாம்" என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். நாய் வேண்டுமே. சித்தப்பா சனிக்கிழமையும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆபீஸ் போன்காலில் இருந்தார். அதை மியூட்டில் போட்டுவிட்டு ஹால் கார்ப்பெட்டில் மல்லாந்து படுத்தார்.

"சித்தி, உங்க நாய்க்கு... கொஞ்சம் முடியல..."

"முடியலன்னா ட்ரீட்மெண்ட் குடு."

"ஏம்மா, நான் இன்னும் சாகலையா? இப்ப என்னைய கூப்பிட்டுருவாங்க" என்று நாய் ஹெட்செட்டைச் சரிசெய்தது.

"ஏனுங்க, செத்த நாய் பேசக்கூடாது" என்று சித்தி அதட்டினார்.

மறுபடி மறுபடி முயன்றேன். 'டாக்டருங்க பார்த்துட்டிருக்காங்க' என்றேன். 'எதுக்கும் சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க' என்றேன். சித்தப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

"செத்துருச்சு சித்தி! உங்க நாய் செத்துருச்சு!" என்று கத்திவிட்டேன்.

சித்தப்பா படுத்தபடியே கைதட்டினார். சித்தி தட்டவில்லை. சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா விஷயத்துலயும் உங்கம்மா சீரியஸ்னுதான் போன்ல சொன்னா" என்றார். "ஊர்லயே இருந்திருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். இங்க வந்து இத்தன வருஷமாச்சில்ல. சீரியஸ்னா சீரியஸ்தான்னு நெனச்சுட்டேன். பிளைட் பூரா பொழச்சுருவாருன்னு வேண்டிக்கிட்டே வந்தேன். அவருக்குன்னு சுகர் இல்லாத பிஸ்கட் வேற வாங்கி வச்சிருந்தேன். வாசல்ல பந்தலப் பாத்தப்பறம்தான் தெரிஞ்சுது."

அம்மா அந்தப் போனைப் பேசும்போது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அம்மாவைப் பெற்ற அப்புச்சியை அதற்குள் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார்கள். தங்கை தனியாக வருகிறாளே, வழியில் உடைந்துபோய்விடக் கூடாதே என்றுதான் அம்மா அப்படிச் சொன்னாள்.

"இப்ப சொல்லு" என்றார் சித்தி. "நாய விடு. அப்பாவச் சொல்லு."

"வேண்டாம் சித்தி."

"சொல்லு கண்ணு."

"அப்புச்சி எறந்துட்டாரு சித்தி."

சித்தி அழுதார். நான் விதிப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன். சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார். ஹெட்செட்டில் யாரோ அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது எனக்கே கேட்டது. அவர் அதைக் கழற்றிக் கார்ப்பெட்டில் வைத்தார். டிஷ்யூ எங்கே என்று எனக்குத் தெரியாது, துப்பட்டாவைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன். நடிகையும் நன்றாகத்தான் அழுதார். பாஸ் போட்டார்கள். அன்று அம்மா போன் செய்தபோது தேர்வில் நடந்ததை மட்டும் சொன்னேன்.

"செத்துருச்சுன்னு அப்படியே மூஞ்சிக்கு நேராவா சொன்ன?" அம்மா பதறிவிட்டாள். "அந்தம்மா மனசு என்ன பாடுபட்டிருக்கும்!"

"அவங்க நடிகைம்மா."

"நடிகைன்னா மனசு இல்லையா? சரி, சித்தி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க" என்றேன்.