மைக் கம்பத்துக்கு ஓர் எர்த்

தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு அப்பாவின் குரல் மூன்று பெஞ்சைத் தாண்டாது. ஆனாலும் எங்கள் மலையூர் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு பைபிள் வாசகம் படிப்பது அவர்தான். மைக் இருந்ததால் படித்தார். மைக் செட்டைப் பார்த்துக்கொண்டது நான்.

ஆறாவதோடு பள்ளியை விட்டவன். எஸ்டேட் மோட்டார்களுக்கு வயர் மாட்டிக் கற்றதுதான் என் படிப்பு. மழைக்காலத்தில் பீடத்துத் தரை வேர்த்துக் கிடக்கும். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, இரும்பு மைக் கம்பத்தைப் பிடித்தபடி படிப்பார். ஷாக் அடித்துவிட்டால்? அந்த நினைப்பு என்னை விடவில்லை. ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்கெனவே எர்த் இருந்தது. போதாதென்று ஜன்னலுக்கு வெளியே குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கம்பத்துக்குத் தனியாக இன்னொன்று கொடுத்தேன். அன்றைக்கே மைக் வயரையும் புதிதாக மாற்றினேன்.

அந்த ஞாயிறு ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்று இரைச்சல். அப்பாவின் குரல் அதற்குள் முங்கிப்போனது. நான் வயரைத்தான் சந்தேகப்பட்டேன். கரண்ட் வயரிலிருந்து தள்ளிப் போட்டுப் பார்த்தேன். சேலத்திலிருந்து, மேலே கம்பி பின்னிய ஷீல்டு வயர் வாங்கி மாற்றினேன். குறையவே இல்லை.

"ஏனுங்க, பொட்டிக்குள்ள தேனீ வளக்கறீங்களா?" என்று பின் பெஞ்சில் கேலி.

பூசை வைக்கும் சாமியார் நான்கு வாரம் பொறுத்தார். பிறகு அப்பாவிடம், "இனிமே டீச்சரம்மா படிக்கட்டுங்க. நீங்களும் நொம்ப சிரமப்படறீங்க" என்றார்.

"சரிங்க சாமி" என்றார் அப்பா.

ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸேறி, சேலத்தில் ரேடியோ ரிப்பேர்காரரிடம் போனேன். திறந்து பார்த்துவிட்டு, "பொட்டில ஒண்ணுமில்லீங்க. மைக் கம்பத்துக்கும் எர்த் குடுத்தீங்களா?" என்றார்.

"ஆமாங்க. ஒரு பயத்துக்கு."

"அதான் இரையுது. ரெண்டு பக்கமும் மண்ணுக்குப் போனா, ரெண்டு குழிக்கும் நடுவுல கரண்டு அந்த ஷீல்டு வழியாவே சுத்துமுங்க. பொட்டிப் பக்கம் ஒண்ணு போதும். ஷீல்டு வழியா கம்பத்துக்கும் அதே காவல்."

திரும்பி வந்ததும் கம்பத்து எர்த்தை வெட்டினேன். இரைச்சல் அந்த நொடியே நின்றது. சாமியாரிடம் ஓடினேன்.

"சந்தோசமுங்க. ஆனா டீச்சரம்மாவ இப்ப எப்படி நிறுத்தறது?" என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பா என் பக்கத்தில், கடைசி பெஞ்சில். டீச்சரம்மாவின் குரல் ஒவ்வொரு சொல்லாக வெளி வாசல்வரை போனது. அப்பா என் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இரைச்சலே இல்ல கண்ணு."