வெறும் வலையும் கெலெராவின் கன்னமும்

இடுப்பளவு கடலில் வலையின் முனையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, தூங்குகிறவளைப் போல நிற்பாள் கெலெரா. மீன் கூட்டம் வருவதை முதலில் சொல்பவளும் அவள்தான். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "கால்ல கூசுது" என்பாள். அதற்குமேல் பேச மாட்டாள்.

போன வருடம் மூன்றாம் முறையாகக் கருவுற்றாள். முந்தைய இரண்டும் தங்கவில்லை. முதல் முறை ஊருக்கே சொல்லி, குழந்தைக்கென்று பாய் முடைந்தாள். அந்தப் பாய் அப்புறம் பரணுக்குப் போயிற்று. இந்த முறை கணவன் வைசாக்கேயைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. ஊர்ச் சுகாதாரப் பணியாளான எனக்கும்கூட.

எங்கள் கரையில் இதை மறைக்கக் கூடாது. கர்ப்பிணி ஒருத்தி சொல்லாமல் வலைக்கு வந்தால் மீன் ஒதுங்கிப் போகும் என்பார்கள். சொல்லிவிட்டால் தாராளமாக வரலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வலைக்காரிகளுக்கு உண்டு.

வலை வெறுமையாக வந்துகொண்டேயிருந்தது. பெண்கள் ஒருத்தி வயிற்றை ஒருத்தி நோட்டம்விட்டார்கள். கெலெராவின் வயிறு இன்னும் தெரியவில்லை. ஆனால் கன்னத்திலும் மேலுதட்டிலும் காப்பித்தூள் நிறத்தில் திட்டுகள் படர்ந்தன. கர்ப்பத்தில் பலருக்கு வருவதுதான். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். ஓலைத்தொப்பி தலைக்கு மேலே உள்ள வெயிலைத்தான் மறைக்கும். கடலுக்குள் நிற்பவளுக்குக் கீழேயிருந்தும் வெயில். தண்ணீரெல்லாம் வெளிச்சம், முகமெல்லாம் அலையின் மினுக்கம்.

திட்டு காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, எலுமிச்சையை வெட்டிக் கன்னத்தில் தேய்த்தாள். மேலே தேங்காய் எண்ணெய் பூசினாள். அப்படியே உச்சிவெயிலில் கடலில் இறங்கினாள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலை வெயில் பொசுக்கிவிடும். இரண்டாம் நாள் கன்னமெல்லாம் கொப்புளம்.

வைசாக்கே வந்து என்னைக் கூப்பிட்டான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"என்னத்தப் பூசினே?"

"ஒண்ணுமில்ல அத்தை. வெயில்தான்."

"வெயில் கோடு கோடா வழியாதுடி. எலுமிச்சையா?"

அவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. போதும், எனக்குப் புரிந்துவிட்டது.

"அத்தை, இதனால உள்ள ஏதாவது ஆயிருக்குமா?"

"கொப்புளம் கன்னத்தோட சரி, உள்ள போகாது. உச்சிவெயில்ல தண்ணிகூடக் குடிக்காம நிக்கிறியே, மயங்கிக் கடல்ல விழுந்தா என்ன பண்ணுவே?"

ஈரத்துணி போட்டுச் சூட்டைத் தணித்தேன். கொப்புளத்தை உடைக்காதே, எலுமிச்சையைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, மறுநாள் படகில் செவிலியர் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தார்கள். எங்கோ தொலைவில், ஈர மணலில் யாரோ சின்னக் கால்களால் ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. கெலெரா கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் கைக்குட்டையால் முகத்தை மறைத்தபடி, கடலுக்குள் எதையோ கேட்டுக்கொண்டே வந்தாள்.

முகம் ஆறியதும் அவளே கரைக்குப் போனாள். வெள்ளைத் துத்தநாகக் களிம்பை நான்தான் தடவிவிட்டிருந்தேன். கர்ப்பிணிகள் பயமில்லாமல் பூசலாம்.

வலைக்குத் தலைவி உனைசி, வைசாக்கேயின் அக்கா. கேலி அவளுக்கு உரிமை.

"யாரிது, மாவுப் பானைக்குள்ள விழுந்துட்டு வந்தவ? மீன் கிடைக்கலன்னு மூஞ்சியையே சுட்டுத் தின்னப் பாத்தியாமே?"

"மதினி, நான் உண்டாகியிருக்கேன்."

எல்லோர் கையிலும் வலை நின்றது.

"அப்போ இத்தன நாளா மீனத் துரத்தினவ நீதானா!" என்று உனைசி தண்ணீரை வாரி அவள்மேல் வீசினாள். பிறகு தன் தலைத்துணியை அவிழ்த்துக் கெலெராவின் முகத்தைச் சுற்றி, கண் மட்டும் தெரியக் கட்டினாள். "நாளையிலேருந்து விடியறப்பவே வலை. வெயில் ஏறினா எல்லாரும் கரைக்கு. எவளாவது முணுமுணுத்தா அவ வாயில எலுமிச்சைதான்."

அன்று வலையில் மீன் இருந்தது. நீரோட்டம் மாறியிருந்தது என்று நான் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

"கால்ல கூசுச்சா?" என்று உனைசி கேட்டாள்.

"கால்ல இல்ல, மதினி."

உனைசி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். "வெயில் உனக்குத்தான் ஆகாது. பரண்ல கிடக்கிற பாய்க்கு ஆகும். எடுத்துக் காயப்போடு."

மத்தியானம் நான் அந்தப் பக்கம் போனபோது சின்னப் பாய் முற்றத்து வெயிலில் விரிந்து கிடந்தது. கெலெரா பலாமரத்தடி நிழலில் உட்கார்ந்து, அதன்மேல் ஏறும் கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள்.