கங்காணி குரலில் பேசிய செல்வி: மடுல்சீமைப் பயணம்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் பயந்த இடங்களையும் விடப்போவதில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு டிசம்பர் விடுமுறை. பெரியப்பா மகள் வாணி அக்கா முதுகலை மாணவி. ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகள் தங்கள் தேவையைத் தெரிவிக்க உதவுவதற்கான பயிற்சிக்காக, அவளும் மூன்று மாணவிகளும் தங்கள் மிஸ்ஸோடு இலங்கை மலையகத்தின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு வாரம் தங்கப் போனார்கள். துணைக்கு நானும் போனேன்.

பதுளையில் காலை ஏழு மணி பஸ். பசறை வழியாக இருபது மைலுக்கு மேல். ஆளுக்கு ஆறு ரூபாய்.

"பேய் புடிச்ச புள்ளைய பாக்கவா போறீங்க? திரும்பி வர்றப்ப பேய்க்கும் சேத்து டிக்கெட் எடுக்கணும் பாப்பா!" என்றார் தோட்டத்தின் பெயரைக் கேட்ட கண்டக்டர். நான் சிரித்தேன். கடைசி மூன்று மைல் மூடுபனியில் நடந்தபோது சிரிப்பு வரவில்லை.

தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விடும் இடம் பிள்ளைக் காம்பரா. பகலிலேயே இருட்டிவிட, ஆயா ராசம்மா டியூப் லைட்டைப் போட்டார். அது வண்டுபோல் இரைந்தது. நாங்கள் வந்ததிலிருந்து ஒரு சொல்லும் பேசாதிருந்த நான்கு வயதுச் செல்வி காதைப் பொத்திக்கொண்டு, ஓர் ஆணைப்போலக் கனைத்தாள்.

"பெரட்டு கலைஞ்சிருச்சு. கெளம்புங்க, கெளம்புங்க."

ராசம்மா கையிலிருந்த பால் கோப்பை விழுந்தது. "மறுபடியும் கங்காணி அய்யா கொரலுங்க! அவரு ஐப்பசியிலேயே செத்துட்டாருங்க."

வெள்ளிக்கிழமை பூசாரியிடம் கொண்டுபோய், பேய் இறங்கும்வரை வேப்பங்குழையால் அடிப்பதாக ஏற்பாடு என்று தாய் பார்வதி சொன்னார். நான் அக்காவின் பக்கத்தில் நகர்ந்து நின்றுகொண்டேன்.

"யார் குரல் என்று பார்க்காதீர்கள். எதற்காகச் சொல்கிறாள் என்று பாருங்கள்" என்றார் பயிற்சி கொடுத்த மிஸ்.

"கங்காணி இதை எப்பங்க சொல்லுவாரு?" என்று அக்கா ராசம்மாவிடம் கேட்டாள்.

"அந்தியில ஆளுங்கள வரிசையா நிக்க வச்சுப் பேரு கூப்புடுற பெரட்டு கலைச்சதும் இங்க வருவாருங்க. இப்படிச் சொல்லித்தான் தாய்மார அனுப்புவாரு. அப்புறம் லைட்ட அணைச்சிட்டுப் போவாரு."

அதன்பின் செல்வி அப்படிச் சொன்னபோதெல்லாம் அக்கா அவள் எதிரே குனிந்து, "அணை" என்று ஒரே ஒரு முறை சொல்லி, காத்திருந்து, விளக்கை அணைத்தாள். ஒவ்வொரு முறையும் சின்னக் கைகள் காதிலிருந்து இறங்கின. ஆனால் அந்தச் சொல் மட்டும் வரவில்லை.

இங்கே வருபவர்கள் அட்டை கடிக்காமலிருக்கச் சவர்க்காரமும் குளிருக்குக் கம்பளிச் சட்டையும் கொண்டு வாருங்கள். திரும்பும் பஸ் இரண்டு மணிக்கு. குழந்தையின் முன்னால் பேய் என்று பேசாதீர்கள். எல்லாம் அதன் காதில் விழுகிறது.

வெள்ளி மாலை பார்வதி வேப்பங்குழையோடு வந்தார். "பூசாரி காத்துக்கிட்டு இருக்காருங்க, மிஸ்."

"ஒரு நிமிஷம், பார்வதி அக்கா. சுவிட்சுல கைய வைங்க. அவ கேட்டா மட்டும் அணைங்க" என்றாள் வாணி அக்கா.

விளக்கு இரைந்தது. செல்வி காதைப் பொத்திக்கொண்டு தாயை நிமிர்ந்து பார்த்தாள். கனைத்தாள்.

"அணை."

சொல் அக்காவுடையது. குரல் இன்னும் கங்காணியுடையதுதான். ராசம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டார். பார்வதியின் கையிலிருந்த வேப்பங்குழை தரையில் விழுந்தது.

"அணைக்கிறேன்டி, தங்கம்" என்று அவர் விளக்கை அணைத்தார்.