மருந்து கூடினால் துவக்கு சொல்லும்

துவக்குக் கடையில் நிற்பவனுக்கு முதல் வேலை விற்பது அல்ல, வாங்கிப்போன ஆள் முழுசாகத் திரும்பி வருகிறாரா என்று பார்ப்பது. எந்தக் கடையிலாவது கவுண்டருக்குப் பின்னால் நின்று, சொன்னதைக் கேளாத சனத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது விளங்கும்.

லண்டனில் சில காலம் இருந்துவிட்டு இத்தாலியின் பலேர்மோவுக்கே திரும்பி வந்தபோது, நகரின் பகட்டான பொலிதேயாமாப் பக்கம், வேட்டைத் துப்பாக்கி விற்கிற ஒரு துவக்குக் கடையில் வேலை கிடைத்தது. இங்கே பன்றி வேட்டைக்காரர் சிலர் தோட்டாவை வீட்டிலேயே தயாரிப்பார்கள்: சுட்டு முடிந்த பித்தளைக் கோதில் புது வெடிமருந்து, புது ரவை, அதாவது குண்டு. மருந்து கூடினால், வெடித்துச் சிதறுவதற்கு முன் துவக்கு பெரும்பாலும் அடையாளம் காட்டும். அதைப் பார்த்துச் சொல்வது என் பாடு. கேளாதவர்களில் முதல் ஆள் தொன் நீனோ, கபோ சந்தையில் இறைச்சிக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். என் கவலை முழுக்க அவர் குறிபார்க்கிற வலது கண்.

இஸ்திரி போட்ட பிரைமர்

கோதின் அடியில் சின்னப் பொத்தான் மாதிரி பிரைமர் இருக்கும். ஊசி அதைக் குத்தினால்தான் வெடி. சுட்ட பிறகும் அதன் விளிம்பு கொஞ்சம் உருண்டிருக்க வேண்டும். தொன் நீனோ கொண்டுவந்ததில் விளிம்பையே காணவில்லை, சப்பட்டை. "இதை மட்டும் வைச்சு முடிவு சொல்ல ஏலாது, ஆனால் மருந்தைக் குறையுங்கோ" என்றேன். அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"எவ்வளவு வழுவழுப்பா வந்திருக்கு. என்ரை கைவேலை அப்பிடி."

வினாகிரியில் குளித்த கோது

பிரைமரைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் வாயு கசிகிறது என்று அர்த்தம். அடுத்த முறை கோதுகளைத் துடைக்காமல் கொண்டுவரச் சொன்னேன். வந்தவை கோயில் மெழுகுதிரித் தண்டு மாதிரி மின்னின. கூடவே அவருடைய மனைவி, சிஞ்ஞோராவும் வந்திருந்தார். வினாகிரியும் உப்பும் போட்டுத் தேய்த்தது தான்தான் என்றார், பெருமையாக. எனக்கு வேண்டியதே அந்தக் கரிதான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கரிபிடிச்ச சாமானோடை என்ரை மனுசன் பொலிதேயாமாவுக்கு வாறதோ? சனம் என்னைப் பற்றி என்ன கதைக்கும்?"

இறைச்சி அடிக்கிற சுத்தியல்

ஆகஸ்ட் வெயிலில், சுட்டுப் பழகும் இடத்துக்குப் போன தொன் நீனோ தோட்டாப் பெட்டியைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, புனிதையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். சூட்டில் மருந்து இன்னும் உக்கிரமாகும். சுட்டதும் போல்ட், அதாவது குழலின் பின்பக்கத்தை அடைத்து, கோதை வெளியே இழுக்கும் இரும்புத் துண்டு, அசையவில்லை. மனுசன் விடுவாரா? கட்லட் இறைச்சியைத் தட்டையாக்குகிற மரச் சுத்தியலால் அடித்துத் திறந்து, இன்னொன்றும் சுட்டிருக்கிறார். கொண்டுவந்த கோதின் அடியில் பளிச்சென்று ஒரு தடம். துவக்கின் இரும்பே பித்தளையில் பதிந்திருந்தது. "இனியும் சுட்டால் போல்ட் உங்கடை முகத்துக்குத்தான் வரும்" என்றேன். "பாப்பம்" என்றுவிட்டு எஸ்பிரெசோ குடிக்கப் போனார். கடையில் தரை துடைத்துக்கொண்டிருந்த மன்னார் அன்ரன் அண்ணை நிமிர்ந்தார்.

"தம்பி, அங்கை வெடிக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள். இஞ்சை இவை அதை வீட்டிலை வைச்சுச் சமைக்கினம்."

தோள்பட்டை

கண், முகம், கலியாணத்துக்கு நிற்கிற பேத்தி, எல்லாம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. சீசாப் பகுதிக்குப் போகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு யோசித்தபோதுதான் புத்தி வந்தது. அடுத்த முறை வந்தபோது கேட்டேன்: "தொன் நீனோ, கடைசியாச் சுட்ட பன்றியின்ரை தோள்பட்டை எப்பிடி இருந்தது?"

முகம் வாடிவிட்டது. "கஞ்சி. நாய்க்குத்தான் போட்டனான்."

"மருந்து கூடி ரவை அந்த வேகத்திலை போனால் இறைச்சி அப்பிடித்தான் சிதறும்."

அவ்வளவுதான். துவக்கைச் சோதிக்க எங்கள் கடைத் திருத்துநரிடம் தானாகவே விட்டார். மிச்சத் தோட்டாக்களைச் சுடாமல் ஒதுக்கினார். மருந்தை அளவுப் புத்தகத்தில் உள்ள ஆகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கினார். பிறகு வந்த கோதுகளில் பிரைமரின் விளிம்பு உருண்டிருந்தது. போல்ட் ஒரு விரலுக்குத் திறந்ததாம். "நல்ல காலம், கண் தப்பிச்சுது" என்றேன்.

"கண்ணை விடு மகன், அது இவ்வளவு காலமும் பாத்திட்டுது. தோள்பட்டை அருமையான துண்டு."

அன்றிலிருந்து நான் ஒருவரிடமும் உயிரைப் பற்றிக் கதைப்பதில்லை, நேரே இறைச்சிக்குப் போய்விடுகிறேன்.