புங்க எண்ணெயில் ஆறிய இரும்பு

ராபர்ட்சன்பேட்டையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். எதிரே சின்னப் பட்டறை ஒன்றின் வாசலில் கூட்டம். நானும் பெட்டியோடு போய் நிற்கிறேன்.

பட்டறைக்காரர் அந்தோணி, சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் இரும்பு முனைகள் செய்கிறார். இதுவரை செய்தவை எல்லாம் பாதியில் உடைந்துவிட்டனவாம். எத்தனை சூட்டில் காய்ச்சுவது என்று பெங்களூர்ப் பேராசிரியர் ஒருவர் கணக்கிட்டுத் தந்திருக்கிறார்; இன்றைய சோதனையைப் பார்க்க அவரும் வந்திருக்கிறார். சூட்டை அளக்கும் கருவி சர்க்கார் தொழில் ஆபீஸ் இரவலாகக் கொடுத்தது. காய்ச்சிய முனையைப் புங்க எண்ணெயில் ஆறவைத்தது மட்டும் அந்தோணியின் சொந்த யோசனை.

புது முனையை மாட்டிய துளை இயந்திரம் ஒரு பாறைமேல் அலறுகிறது. கல்தூசி பறக்கிறது. அது நின்றதும் பேராசிரியர் புழுதியில் மண்டியிட்டு முனையைத் தடவிப் பார்க்கிறார்.

“உடையலை!”

அந்தோணி கரிக்கையால் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். “பாத்தீங்களா சார், கல்லு தோத்துப்போச்சு!”

“அடுத்த வாரம் எங்க காலேஜுக்கு வாங்க,” என்கிறார் பேராசிரியர். “அந்த எண்ணெய் விஷயத்தைப் பசங்களுக்கு நீங்கதான் சொல்லணும்.”

அந்தோணியின் சிரிப்பு சட்டென்று நிற்கிறது. என் காதருகே குனிகிறார்.

“சார், காலேஜுக்கு இன்னா போட்டுக்கினு போவணும்?”

“இதே காக்கிச் சட்டை போதுங்க.”

“சும்மா இருங்க சார். எங் கல்யாணக் கோட்டு கீது. பொத்தான் போட முடியுதான்னு வூட்டாண்ட போய்ப் பாக்கறேன்,” என்று அப்போதே கிளம்புகிறார்.