அண்ணனின் சொப்பனக் குழம்பு

எங்கள் அண்ணன் மறைந்து இந்தத் தை மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பெரும்பாலோர் அவர் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள். கள்ளக்குறிச்சியைச் சுற்றி எத்தனையோ கல்யாணப் பந்திகளுக்கு அவர் கரண்டி பிடித்திருக்கிறார். நான் எழுத உட்கார்ந்திருப்பது ஆண்டுக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு மாடியில் அவர் வைத்த ஒரு மீன் குழம்பைப் பற்றி. அதை எழுதினால் என் தவறையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். எழுதிவிடுகிறேன்.

அண்ணன் எலவனாசூர்கோட்டையில், நெல்லும் கரும்பும் பயிரிட்ட குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்கு வயது பதினான்கு, எனக்கு ஆறு. பள்ளியை விட்டுவிட்டு உளுந்தூர்பேட்டையில் ஒரு மெஸ்ஸில் சேர்ந்தார். அங்கிருந்து சென்னைக்குப் போய் ஓட்டல்களில் வேலை செய்து, கடைசியில் சரக்குக் கப்பலில் சமையல்காரராக ஏறினார். அவர் கப்பல் ஏறியதால்தான் நான் கல்லூரிக்குப் போய் ஆசிரியர் ஆனேன். கள்ளக்குறிச்சியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டைக் கட்டியவரும் அவர்தான். கல்யாணம் வேண்டாம் என்றே இருந்துவிட்டார்.

ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். முதல் இரண்டு நாள் தூங்கிக்கொண்டே இருப்பார். கட்டில் ஆடவில்லையே என்று தூக்கத்தில் உளறுவதாக அம்மா சொல்வார். விழித்ததும் கடல் கதைகள். விடியும்போது கப்பல் தளத்தில் பறக்கும் மீன்கள் விழுந்து கிடக்குமாம். அவற்றைப் பொறுக்கி வறுத்துக் கொடுப்பாராம். சில இடங்களில் காற்றே இருக்காது, தண்ணீர் எண்ணெய்போல அசையாமல் கிடக்கும், கப்பல் போகிறதா நிற்கிறதா என்று தெரியாது என்பார். கடலையே பார்த்திராத அம்மா அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

அம்மா ஒரு மாசி மாதத்தில் போனார். மூன்று நாள் காய்ச்சல்தான். அதற்குப் பத்து நாள் முன்பு அண்ணன் தொலைபேசியில் பேசியிருந்தார். கப்பல் நடுக்கடலுக்குப் போகிறது, கொஞ்ச நாள் பேச முடியாது என்றார். அம்மாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியதும் நான் கப்பல் கம்பெனியின் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அவர் கப்பலில் இல்லை, மூன்று வாரத்துக்கு முன்பே அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் இறங்கிவிட்டார் என்றார்கள். ஏன் இறங்கினார் என்பது எடுத்துப் பேசியவருக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அம்மாவின் உடலை மறுநாள் நடுப்பகல் வரை வைத்திருந்தோம். அண்ணனிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை.

அவர் வந்தது சித்திரையில். பாதி உடம்பாக இளைத்திருந்தார். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, வாசலிலேயே நான் கேட்டேன்.

"அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கினு இருந்தாங்க. பொய் சொல்லிட்டு நீ எங்க சுத்திக்கினு இருந்த?"

அண்ணன் குனிந்து செருப்பைக் கழற்றினார். அதன்பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் நான் அவரோடு பேசவில்லை.

ஒரே வீடு. அவர் மாடியில், நாங்கள் கீழே. அவர் மறுபடி கப்பலுக்குப் போகவில்லை. கல்யாணச் சமையல் எடுத்துச் செய்தார். எனக்குச் சொல்ல வேண்டியதை என் மனைவியிடம் சொல்வார். நானும் அப்படியே. "மாமா சொன்னாங்க", "அவரு கேட்டாரு" என்று நடுவில் நின்றே என் மனைவிக்கு வயதாகிவிட்டது.

மறு மாசியில்தான் அந்தக் குழம்பு தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கடலூர்த் துறைமுகத்திலிருந்து மீன்கார பாய் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினார். நண்டு, இறால், கணவாய், கொடுவா மீன், ஒரு பை நிறைய மட்டிச் சிப்பி. எங்கள் ஊர் மார்க்கெட்டில் மட்டியைப் பார்த்தவர்கள் குறைவு. பிள்ளைகள் அதைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். மாடிக் கொட்டகையில் அகலப் பாத்திரத்தை ஏற்றி அண்ணன் பகல் வரை சமைத்தார்.

மீன் தலையையும் இறால் ஓட்டையும் தனியாகக் கொதிக்கவைத்து வடிகட்டுவார். வெங்காயமும் பூண்டும் சோம்பும் எண்ணெயில் மெல்ல வதங்கும். பிறகு தக்காளி, கூடை கூடையாக. அது கரைந்து நிறம் மாறும் வரை அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். சான் பிரான்சிஸ்கோவில் இதற்கு ஒயின் ஊற்றுவார்களாம். அண்ணன் கறுப்புத் திராட்சையைப் பிழிந்து எலுமிச்சையைச் சேர்த்துக்கொண்டார். வடித்த சாறு அதில் சேர்ந்து கொதித்ததும் முதலில் நண்டு, பிறகு மட்டி, மீன், கணவாய், கடைசியாக இறால். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, பாத்திரத்தைப் பிடித்து அசைக்க வேண்டும். புளியும் இல்லை, தேங்காயும் இல்லை. பேக்கரி ரொட்டியைப் பூண்டு தேய்த்துச் சுட்டு அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

அதன் பெயர் சொப்பீனோ என்று பிள்ளைகளிடம் சொன்னார் அண்ணன். இத்தாலியிலிருந்து அங்கே போய்க் குடியேறிய மீனவர்களின் குழம்பாம். அன்று வலையில் ஒன்றும் கிடைக்காதவன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு படகு படகாகப் போவானாம். ஒவ்வொருவரும் ஒரு கை மீன் போடுவார்களாம். என் பிள்ளைகளின் வாயில் அந்தப் பெயர் நிற்கவில்லை. சொப்பனக் குழம்பு என்றார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

பெயருக்கு ஏற்றாற்போலத்தான் அந்தப் பகல் இருக்கும். மணம் படியிறங்கி வந்து கீழ் அறைகளில் நிறையும். வெளியே தார்ச்சாலை வெயிலில் மினுங்கும். கரும்பு டிராக்டர்கள் போகும். உள்ளே மட்டும் ஏதோ ஒரு துறைமுகத்தின் காற்று. விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அம்மா போன மாதத்தில் நண்டும் இறாலும் ஆக்கி விருந்து வைக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மனைவியும் பிள்ளைகளும் மாடிக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். நான் ஒரு ஆண்டுகூடத் தொட்டதில்லை.

ஊரெல்லாம் காய்ச்சல் வந்த ஆண்டில் அண்ணனுக்கும் வந்தது. உயிர் பிழைத்தார். வாசனையும் ருசியும் போய்விட்டன. ஒரு மாதத்தில் திரும்பும் என்றார் மருத்துவர். திரும்பவில்லை. சமையல் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக விட்டார். மாடியில் கறிவேப்பிலையைக் கசக்கி மூக்கில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பார் என்று என் மனைவி சொன்னார். 

அடுத்த மாசி ஞாயிறும் வந்தது. என் மனைவி ரொட்டி வாங்கப் பேக்கரிக்குப் போயிருந்தார். பிள்ளைகள் வெளியூரில். நான் முன்னறையில் இருந்தேன். படியில் காலடி கேட்டது. அண்ணன் கையில் ஒரு கிண்ணத்தோடு பாதிப் படியில் நின்றார்.

"தம்பி, இதுல உப்பு இருக்குதான்னு பாத்து சொல்றியா?"

பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் என்னிடம் நேரடியாகக் கேட்டது அது ஒன்றுதான்.  நான் போய்க் கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்தேன். இனிப்பும் புளிப்பும் கலந்து, பின்னாலேயே கடல் வந்தது.

"கம்மியா இருக்குது" என்றேன்.

அவர் மேலே போனார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். உப்பு போட்டார், நான் பார்த்தேன். சரியாக இருந்தது. புளிப்பு தூக்கலாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நண்டை ஒவ்வொன்றாக இறக்கினார். ஆவி எங்கள் இருவர் முகத்திலும் படிந்தது. அதற்கு மறுபுறம் அவர் நிற்பது கலங்கலாகத் தெரிந்தது. அப்போதுதான் என்னால் கேட்க முடிந்தது.

"அம்மா செத்த மாசத்துல இத ஏன்ணா செய்யற?"

அவர் அடுப்பைத் தணித்தார். பனியனைத் தூக்கிக் காட்டினார். தொப்புளுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. குடல்வால் வெடித்துக் கப்பலிலிருந்து தூக்கிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அம்மாவிடம் பேசியது அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டுதானாம். அம்மா பயப்படக் கூடாது என்றுதான் நடுக்கடல் என்று சொன்னாராம். கப்பல் கிளம்பிவிட்டது. மாலுமிகளைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்துபோகும் ரோசாம்மா என்ற இத்தாலிய மீனவர் வீட்டுப் பெண்மணி அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொண்டார். அம்மா இறந்த செய்தி பன்னிரண்டு நாள் கழித்து அந்த வீட்டுக்கு வந்திருக்கிறது. விமானம் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"சேதி வந்தன்னிக்கி எழுந்திருக்க முடியாம படுத்துக்கினு இருந்தேன். அந்தம்மா இத ஆக்கி எடுத்தாந்து ஊட்டுனாங்க. அம்மா இல்லன்னு தெரிஞ்சி நான் தின்ன மொத சோறுடா இது."

இதை ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் பாத்திரத்தின் இரண்டு காதுகளையும் பிடித்து மெல்ல அசைத்தார்.

"இன்னா சொன்னாலும் நான் வரல இல்ல."

நான் அவர் கையைப் பிடித்தேன். பிடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ரொட்டியோடு படியேறி வந்த என் மனைவி எங்களைப் பார்த்துவிட்டு ரொட்டியை அறுக்க உட்கார்ந்தார். அன்று மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணனுக்கு ருசி தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

அதற்குப்பின் அவருடைய நாக்காக நான் இருந்தேன். கல்யாண ஒப்பந்தங்களை மறுபடி எடுத்தார். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் கூடவே போவேன். ஓய்வு பெற்ற பிறகு எல்லா நாளும் போனேன். களமருதூர் கல்யாணத்தில் ஒரு பெரியவர், வாத்தியாருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "உப்பு பாக்குறாரு" என்றார்.

அவர் போவதற்கு முந்தைய மார்கழியில் இருதயம் பலவீனமாகி வீட்டோடு இருந்தார். மலைக்குப் போக வேண்டும் என்றார். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு காரில் கல்வராயன் மலையேறி வெள்ளிமலைப் பக்கம் போனோம். காலை ஒன்பது மணிக்கும் பனி விலகவில்லை. கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக நிரம்பி, மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காரின் கதவோரம் உட்கார்ந்திருந்தார். எங்கோ ஒரு சேவல் கூவியது. பனி மெல்ல நகர்ந்தபோது நாங்கள்தான் நகர்வதுபோல இருந்தது. அவர் நெடுநேரம் கழித்து, "இன்னாடா, எறங்கவே மனசு வரல" என்றார். வெயில் ஏறும் வரை காத்திருந்து கூட்டி வந்தேன்.

தையில் ஒரு முற்பகல், மாடிக் கட்டிலில், என் மனைவி கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது தூக்கத்திலேயே போயிருந்தார். முகம் ஊருக்கு வந்த முதல் இரண்டு நாள் போலவே இருந்தது.

அண்ணனைக் கடைசி வரை கவனித்த மருத்துவருக்கும், கூப்பிட்ட நேரத்தில் வந்து நின்ற எதிர்வீட்டு ஆட்டோக்காரருக்கும், அவரோடு அடுப்படியில் வெந்த சமையல் குழுவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. மீன்கார பாய் ஒரு மாசியையும் தவறவிட்டதில்லை. அண்ணன் இல்லாத மாசியிலும் பெட்டியோடு வந்து நின்றார். குழம்பை நானே வைத்தேன். துக்கம் கேட்டு வந்தவர்கள், வர முடியாமல் பேசியவர்கள் அனைவரையும் வணங்குகிறோம். பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் இருவருக்கும் சோறு போட்ட என் மனைவிக்கு இந்த மலரில்தான் முதல்முறையாக நன்றி சொல்கிறேன்.

இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். ரோசாம்மா இப்போது இல்லை. அண்ணனின் நோட்டில் அவர் மகளின் எண் இருந்தது. என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் செய்தியைச் சொன்னேன். அந்த அம்மாள் சற்று நேரம் அழுதார். பிறகு, தங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் இன்றுவரை மிளகு ரசம்தான் வைக்கிறோம் என்றார். நடக்க முடிந்ததும் அண்ணன் அவர்கள் அடுப்படியில் நின்று சொல்லிக்கொடுத்ததாம். எப்படி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். பூண்டைத் தோல் உரிக்காமல் தட்டிப் போட வேண்டும் என்று உங்கள் அண்ணன் சொல்லியிருக்கிறார் என்றார். எங்கள் அம்மா அப்படித்தான் போடுவார்.