கடதாசியில் வராத வரி

கலீல் மௌத்தான செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், கலீலின் பெண்சாதியான என் மகள் ஜெமீலா, அவளுடைய மகள் ஷிபானா, மீன் கொண்டுவந்த பாண்டிருப்புச் செல்லம்மா, பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்த என் கூடப் பிறந்த மூத்த காக்கா ஆதம்லெப்பை. ஆசுபத்திரியிலிருந்து வந்த போனை ஷிபானாதான் எடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்தே ஜெமீலா சுவரைப் பிடித்துக்கொண்டாள். செல்லம்மா கூடையை இறக்கி வைத்து, "அச்சடிக்கிற தம்பியா?" என்று கேட்டாள். காக்கா "இன்னாலில்லாஹி" சொல்லிவிட்டுக் கை கழுவ எழும்பினார். எழும்பும்போது சோற்றுக் கோப்பையில் கிடந்த கடைசி மீன் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன்.

கலீலை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்புக் கொஞ்சம்தான். எழுத்துப் பிழைகளை ஷிபானா திருத்தினாள். வேறொன்றையும் மாற்ற நான் விடவில்லை.

எண்பதுகளின் கடைசியில் குவைத்திலிருந்து வந்தவர்கள் புடவையும் டேப் ரெக்கோடரும் கொண்டுவந்தார்கள். என் மருமகன் ஒரு கொம்பியூட்டரும் அதற்கொரு அச்சு மிசினும் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். ஆகவே அந்த மிசின் என் வீட்டு முன்னறையில் ஏறி உட்கார்ந்தது. முதல் முதல் அது அச்சடித்தபோது எழுப்பிய சத்தத்தில் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா ஆசியா, உங்கட மருமகன் வீட்டுக்குள்ள தகரமா அறுக்காரு?" என்று கேட்டாள். ஒரு மாதம் போகவில்லை, அவளே தன் மகளின் கலியாணக் கார்டுக்கு வந்து நின்றாள்.

அந்த நாளில் மாமியார் மருமகனுக்கு முன்னால் வந்து நின்று கதைப்பது மரியாதை இல்லை. நான் முன்னறைக் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றுதான் அவர் வேலை செய்வதைப் பார்ப்பேன். கறுப்புத் திரை. படம் ஒன்றும் இராது. எல்லாவற்றையும் எழுதித்தான் சொல்ல வேண்டும். தமிழை இங்கிலீசு எழுத்தில் தட்டுவார், கடதாசியில் தமிழாக வரும். சில வரிகளின் தலையில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் இரண்டு எழுத்துப் போடுவார். எனக்கு அது விளங்கவில்லை.

"அதென்ன மகன், புள்ளி?"

"புள்ளி வச்ச வரி மிசினுக்குச் செல்லுற கதை, மாமி. நடுவுல போடு, இடம் விடு, பக்கத்த மாத்து எண்டு செல்லுற. அது கடதாசியில வராது. அது செஞ்ச வேலை மட்டும்தான் வரும்."

"செல்லாட்டி?"

"செல்லாட்டி ஒண்டும் செய்யா. செல்லுறதைச் செய்யும். பிழையாச் செல்லுறீங்க எண்டு நம்மளத் தடுக்கத் தெரியா அதுக்கு."

அன்று என் பெயரைக் கேட்டார். பெரிய எழுத்தில், தாளின் நடுவில், "ஆசியா உம்மா" என்று அடித்து, ஜெமீலாவிடம் கொடுத்து அனுப்பினார். என் பெயரை அச்சில் நான் கண்டது அதுதான் முதல் தடவை. அடுப்படியில் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

அந்த வருடம் பள்ளிவாசலில் நடக்கும் கந்தூரி விருந்துக்கு நோட்டீஸ் அடிக்கும் வேலை அவரிடம் வந்தது. அப்போது பள்ளிச் செயலாளர் என் காக்கா. குடிகளின் பெயர்கள் நோட்டீசில் வரும். குடி எங்களுக்குத் தாய்வழி. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. நானும் காக்காவும் என் மகளும் ஒரு குடி, கலீல் அவருடைய உம்மாவின் குடி. எந்தக் குடிக்குப் பிறகு எந்தக் குடி என்பது மூத்தவர்கள் வைத்த வரிசை. அந்த வரிசைப்படிதான் பெயர் கூப்பிட்டு நார்சா என்னும் கந்தூரிச் சோறு கொடுப்பார்கள். கலீலின் குடி முதலாவது. எங்கள் குடி நடுவில் எங்கோ. பெயர்களை எழுத மாட்டேன், எல்லாக் குடியிலும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் குடிப் பெயர் 'அ'வில் தொடங்கும், அவருடையது 'வ'வில் தொடங்கும் என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

காக்கா முன்னறையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பெயர்களைச் சொன்னார். கலீல் தட்டி முடித்தார். பிறகு காக்கா கேட்டார்:

"மருமகன், இந்த மிசினால எழுத்து வரிசைக்குப் பேரை அடுக்க ஏலுமாமே?"

"ஓம் மாமா, ஒரு சொல்லுத் தட்டினாச் சரி."

"அப்ப அடுக்குங்க."

"மாமா, பழைய வரிசை ஒண்டு இரிக்கே. பெரியாக்களக் கேக்காம மாத்தினா…"

"நான்தானே செயலாளர், நான் செல்லுறன். ஆரும் கேட்டா எழுத்து வரிசை எண்டு செல்லலாம். படிச்சாக்கள் அப்படித்தான் போடுற."

சீலைக்குப் பின்னால் என் காதில் விழுந்தது ஒரு சொல்லும் மாறாமல் இதுதான். பெண் வீட்டில் இருக்கும் மாப்பிள்ளை, பெண்ணின் தாய்மாமனிடம் எத்தனை தடவை மறுத்துச் சொல்லுவார்? மருமகன் அந்தச் சொல்லைத் தட்டினார். நடுவில் கிடந்த எங்கள் குடி மேலே போனது. அவரைப் பெற்ற உம்மாவின் குடி அடியில் போய் விழுந்தது.

நோட்டீஸ் ஊருக்குள் போன பிறகு வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் கலீலை நிறுத்தி வைத்தார்கள். அங்கே இருந்த என் வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். "பொண்டாட்டிர குடியத் தலையில தூக்கி வச்சி, பெத்த உம்மாட குடியக் காலுக்குள்ள போட்டவன்" என்று அவருடைய சொந்தத் தாய்மாமனே ஏசினாராம். செயலாளர் சொன்னாரா என்று ஒருவர் கேட்டபோது, எல்லாரும் காக்காவைப் பார்த்தார்களாம். காக்கா, "நான் பழைய வரிசையிலதான் சென்னன். மிசின்ல என்ன நடந்ததோ" என்றாராம்.

கலீல் எழும்பி, "மிசின்ல பிழையில்ல. வரிசைய நான்தான் தட்டினன். மாப்புச் செய்யுங்க" என்றாராம். காக்காவின் பெயரை அவர் எடுக்கவில்லை.

நான் அன்றே காக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் ஈசிச் சேரில் இருந்தார்.

"நான் சீலைக்குப் பின்னால நிண்ட நான், காக்கா."

"நிண்டா? பொம்புளை கேட்டதெண்டு பள்ளியில போய்ச் செல்லப் போறியா? அவன் இளந்தாரி. இண்டைக்கு ஏச்சு வாங்கினா நாளைக்கு மறந்து போகும். நான் செயலாளர், எனக்கெண்டா ஊர் மறக்காது."

வீட்டுக்கு வந்து, ஊர் முழுக்கச் சொல்லப் போகிறேன் என்று சீலைக்கு இந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டேன். மருமகன் அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னார்: "வேணாம் மாமி. அவர் தலை குனிஞ்சா உங்கட தலையும் குனியும். நான் இந்த வீட்டுச் சோறு தின்னுறவன்." என் காக்காவின் மானத்தை என் வீட்டுச் சோற்றுக்காக அவர் சுமந்தார். அதன் பிறகு அவருக்குச் சோறு போடும்போதெல்லாம் என் கை கூசியிருக்கிறது.

ஊர் மறக்கவில்லை. கலீலின் உம்மா மௌத்தானபோது நாங்கள் எல்லாரும் அங்கே போயிருந்தோம். மையத்து வைத்த சந்தூக்கைத் தூக்கும் நேரம் மூத்த மகனாக முன்னால் தோள் கொடுக்கப் போனார். அவருடைய தாய்மாமன்மார் இடம் விடவில்லை. "எழுத்து வரிசைக்கு வா" என்று ஒருவன் சொன்னான். சிரித்தார்கள். மையத்து வீட்டில் சிரித்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஆகப் பின்னால் நடந்தார். நான் பெண்களுக்குள் நின்று பார்த்தேன். அந்த ஜனாஸாவில் என் காக்கா நடுவில் தோள் கொடுத்துக்கொண்டு போனார்.

புள்ளி வைத்த வரி என்று கலீல் சொன்னது எனக்கு முழுசாக விளங்கியது அன்றுதான். காக்கா சொன்ன சொல் எந்தக் கடதாசியிலும் இல்லை. அது செய்த வேலை ஊரெல்லாம் கிடந்தது.

இப்போது கலீலின் ஜனாஸா. தூக்குவதற்கு முன் மௌத்தானவருக்காகக் குடும்பத்து மூத்தவர் ஒருவர் எழும்பி மாப்புக் கேட்பது வழமை. காக்கா தடியை ஊன்றி வாசலில் நின்றார். உள்ளறையில் ஜெமீலாவின் தலை என் மடியில் கிடந்தது. காக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது:

"எங்கட மருமகனால ஆருக்கும் மனக்குறை வந்திருந்தா அல்லாவுக்காக மாப்புச் செய்யுங்க. முந்தி அந்தக் கந்தூரி நோட்டீஸ்ல நடந்த பிழையையும் மனசுல வைக்காதீங்க."

"மாப்பு, மாப்பு" என்று சனம் சொன்னது. ஜெமீலா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும். காக்காவோடு ஒரே வயிற்றில் பிறந்தவள் என்று சொல்ல எனக்கு வந்த வெட்கம், வாயைத் திறக்க விடவில்லை. வெளியே அவர்கள் சந்தூக்கைத் தூக்கினார்கள். யன்னலால் பார்த்தேன், காக்கா தடியை ஒருவரிடம் கொடுத்தார். முன் பக்கத்துத் தோள் ஒன்று அவருடையது.

கலீல் கேட்டுக்கொண்டபடி இத்தனை வருடம் நான் பேசவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்ல இனி இந்த வீட்டில் இல்லை. கந்தூரி நோட்டீசின் வரிசையை மாற்றச் சொன்னது கலீல் அல்ல. அவருடைய தாய்மாமன்மாரின் பிள்ளைகள் இதை வாசித்தால், அவருடைய கபுறடிக்குப் போய் ஒரு சலாம் சொல்லுங்கள்.

என் பெயர் அடித்த அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. மை மங்கிவிட்டது, இரண்டு கரையிலும் ஓட்டைகள் உள்ள பட்டியை நான் கிழிக்கவில்லை. சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த "வேணாம் மாமி" என்ற குரலும் இருக்கிறது. கலீல் எப்போதோ மாப்புச் செய்திருப்பார், அவருடைய குணம் அது. என்னுடைய குணம் அதுவல்ல. நான் மாப்புச் செய்யாத ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ஆதம்லெப்பை, என் உம்மா பெற்ற மூத்த பிள்ளை.